மஞ்சள் கருவை நான் பார்க்கவில்லை

என் மகளின் வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே தோல் வேறு நிறம். வெளுத்து, கொஞ்சம் மினுமினுப்பாக இருக்கும். அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் நேரான கோடு. அன்று தண்ணீர் அதுவரை இருந்தது. அந்தத் தண்ணீரில் இறங்கச் சொன்னவன் நான்.

நடந்து மூன்று வருடம் ஆகிறது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடத்தின் ஆரம்ப மாதங்கள். அவளுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். வீடு இருக்கும் காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. படிக்காதவனாக இருந்திருந்தால் அன்று தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்திருப்பேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு டிரஸ்ஸர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து, டாக்டர் இல்லாத நேரத்தில் மருந்து கொடுப்பது வரை எல்லாம் அவர்தான். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டுச் சாமான்களை விற்றபோது மற்றவர்கள் நாற்காலி, அலமாரி, கிராமபோன் என்று எடுத்துக்கொண்டார்கள். இவர் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்பை வாங்கி, துணி சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு உருட்டியே வந்தார். அன்றிலிருந்து என் மகள் அவர் வீட்டு ஜன்னலோரம்தான். கால்வாய்த் தண்ணீர், பூந்தொட்டித் தண்ணீர், சாமி மாடத்துச் செம்புத் தண்ணீர் எதையும் விடவில்லை. பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

"செம்புத் தண்ணியில என்னமோ நெளியுதுன்னு சொல்றா. இனிமே தீர்த்தம் எப்படிங்க வாயில ஊத்துறது?" என்று என் மனைவி புலம்பினாள்.

எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. என் தம்பி ஒன்பது வயதில் டைபாய்டில் போனவன். அதனால் எங்கள் வீட்டில் கொதிக்கவைக்காத தண்ணீர் யார் வாயிலும் படக்கூடாது என்பது சட்டம். கொதித்த தண்ணீரில் ஓர் உயிரும் மிஞ்சாது என்று மகளிடம் அடிக்கடி சொல்வேன். அவள் ஒருநாள் எங்கள் கூஜாத் தண்ணீரையும் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் நெளியவில்லை. நோட்டில் எழுதினாள்: "அப்பா சொன்னது சரி."

டிரஸ்ஸர்தான் அதைக் கெடுத்தார்.

"என்ன கிராணியாரே, சுடுதண்ணியில ஒண்ணும் உசிரோட இருக்காதாமே? அலோர் காஜாவுக்கு அந்தாண்ட வெந்நீர் ஊத்து இருக்கே, போயிருக்கீங்களா? அங்கே சிமெண்ட்டுல பச்சையா வழவழன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். அது என்னாவாம்?"

"பாசியா இருக்கும்."

"பாசிதான். உங்க சட்டம் அதுக்குத் தெரியாது போல."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு போகாமல் இருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவளும் பஸ் பிடித்துப் போனோம். மனைவி டிபன் கேரியரில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால், ஊற்று கண்ணில் படுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். தீப்பெட்டியை மொத்தமாகக் கொளுத்தியதுபோல் ஒரு வாடை. பூமியிலிருந்து தண்ணீர் வரும் வாயைச் சுற்றிக் கிணறுபோல் சிமெண்ட் வளையம் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வழிந்து இரண்டாவது தொட்டி, அங்கிருந்து மூன்றாவது, கடைசியில் ஒரு பெரிய குளம். குளத்தில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நம்மவர்களும் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வளையத்தின் அருகில் ஒரு மலாய் அம்மாள் கோழி முட்டை விற்பார். சிறிய பிரம்புக் கூடையில் முட்டையைப் போட்டு, கயிற்றில் கட்டி, தண்ணீரில் இறக்க வேண்டும். நேரமானதும் தூக்கினால், அந்த அம்மாள் குளிர்ந்த தண்ணீர் வாளியில் போட்டு ஆறவைத்துக் கொடுப்பார். முட்டை வேகிற தொட்டியில் குளிக்கக்கூடாது, வேகாத தொட்டியில் குளிக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இது.

மகளுக்கு முட்டையில் ஆசையில்லை. பச்சை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடந்தாள். வளையத்துக்குள் சிமெண்ட் வெறுமையாக இருந்தது. இரண்டாவது தொட்டியின் எதிர்க்கரையில்தான் முதல் பச்சை. மஞ்சள் கலந்த, கண்ணைப் பறிக்கும் பச்சை. இந்தப் பக்கத்திலிருந்து கை எட்டாது. எதிர்க்கரைக்குப் பின்னால் முள்வேலி.

"அப்பா, எறங்கி எடுக்கலாமா?"

"பொறு" என்றேன். இரண்டாவது தொட்டியில் ஒரு முட்டையை இறக்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் சாப்பிட்டு முடித்தோம். முட்டையை அந்த அம்மாள் வாளியில் ஆறவைத்துக் கொடுத்தார். நுனியைத் தட்டி உடைத்தேன். வெள்ளைக் கரு சளிபோல் ஒழுகியது.

எனக்குப் போதுமானதாக இருந்தது. சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. வெளியில் இருக்கும் வெள்ளையே வேகவில்லை என்றால் உள்ளே இருக்கும் மஞ்சள் எப்படி வெந்திருக்கும்? படித்த மூளை அவ்வளவுதான் கேட்டது. மீதியைப் பார்க்காமல் ஓட்டோடு காலி டிபன் கேரியருக்குள் வைத்தேன்.

"எறங்கு" என்றேன். "முட்டையே வேகல, உன் கால் வெந்துடுமா?"

சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். ஒரு கையில் பால் டின். நீட்டிய கையோடு எதிர்க்கரைப் பச்சையை ஒரே வீச்சில் வழித்து டின்னில் போடுவது வரை ஒரு சத்தமும் இல்லை. வலது கால் மட்டும் தண்ணீரில், இடது கால் இந்தக் கரையில். பிறகு அவள் முகம் மாறியது. காலை எடுக்கப் பார்த்தாள். அடியில் வழுவழுப்பு, கால் ஊன்றவில்லை. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதற்குள் எத்தனை நொடி போனது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சில சமயம் ஆபீஸில் பேரேட்டைப் புரட்டும்போது அதை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

"ஜாங்ஙான்! பானாஸ்!" என்று அந்த அம்மாள் கத்தியது அதற்குப் பிறகுதான். வேண்டாம், சூடு என்று. அவர் அதோடு நிற்கவில்லை. முட்டை ஆறுகிற வாளியை இழுத்துவந்து என் மகளின் காலை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டார். முட்டைகளுக்கு நடுவே அவளுடைய கால், செக்கச் சிவந்து. "காசியான், காசியான்", பாவம் பாவம் என்று அவள் தலையைத் தடவினார். மகள் அழவில்லை. பால் டின்னை மட்டும் விடவில்லை.

குளிக்க வந்த ஒரு சீனர் தன் வேனில் எங்களை ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து விட்டார்.

டிரஸ்ஸருக்கு அன்று வேலை நாள். காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. "எப்படி ஆச்சு?" என்று அவளைக் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன் மாமா."

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை.

விரல்களுக்கிடையே தோல் ஒட்டிக்கொண்டு ஆறினால் நடை கோணிப் போகலாம் என்றார் டிரஸ்ஸர். வாசலின் களிம்பு தோய்த்த துணியை ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். வீட்டுக்கு வந்தபின் தினமும் வேலை முடிந்து அவரே வந்து கட்டு மாற்றினார்.

அன்று சாயங்காலம் மனைவி டிபன் கேரியரைக் கழுவ எடுத்தாள். பிறகு உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் கரு. முழு உருண்டையாக, கோலிக்குண்டுபோல் கையில் உருண்டது. விரலால் அழுத்தினாள்; பிசைந்த மாவுபோல் கெட்டியாக இருந்தது.

"இது வெந்துதானேங்க இருக்கு. நீங்க பாக்கலையா?"

வெள்ளைக் கரு கெட்டியாவதற்கு வேண்டிய சூடு அதிகம், மஞ்சள் கருவுக்குக் குறைவு என்று பிறகு டிரஸ்ஸர் விளக்கினார். அந்தத் தொட்டித் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. முட்டை பொய் சொல்லவில்லை. நான் பாதி கேட்டுவிட்டு எழுந்துவந்தவன்.

மூன்றாவது வாரம் புண் காயத் தொடங்கியது. அதற்கு முன்பே வேறொன்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மனைவிக்குக் காய்ச்சல்; மகளைக் குளிப்பாட்ட நான் வெந்நீர் கலந்து வைத்தேன். பதமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள். பிறகு குனிந்து, விரல் நுனியை வைத்து எடுத்து, மறுபடியும் வைத்து, மணிக்கட்டு வரை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் குவளையை எடுத்தாள். என்னை நோகடிக்க வேண்டும் என்று செய்யவில்லை. அதுதான் வலித்தது. "அப்பா சொன்னது சரி" என்று எழுதிய பிள்ளை.

இதற்கிடையில் பால் டின்னில் இருந்த பச்சை மூன்று நாளில் வெளுத்து, நாறத் தொடங்கியது. டிரஸ்ஸர் மைக்ராஸ்கோப்பை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, அவள் படுத்திருந்த கட்டிலருகே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். உடைந்த நூல்போல் ஏதோ கிடந்தது. அசையவில்லை.

"செத்துப்போச்சு" என்றார்.

"சூட்டுல சாகலை. நம்ம வீட்டுக்கு வந்ததும் செத்துப்போச்சா?" என்றாள் அவள். "அப்ப குளிர்லயா செத்துச்சு?"

காய்ச்சல் கண்ட பிள்ளை கேட்பதுபோல்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் தம்பி போன நாளிலிருந்து சூடுதான் எனக்குக் காவல். அடுப்பில் குமிழி வரும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அந்தச் சூட்டில் குடித்தனம் நடத்துகிற ஒன்று, எங்கள் வீட்டுக் குளிரில் விறைத்துச் செத்திருக்கிறது.

அவள் தூங்கும்போது நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஊற்றுக்குப் போன நாளின் பக்கத்தில் தொட்டிகளின் படம். எந்தத் தொட்டியில் என்ன நிறம் என்று குறித்திருந்தாள். அதற்குக் கீழே: "இரண்டாவது தொட்டி. முட்டை 45 நிமிடம். வெள்ளை ஓடியது. மஞ்சள் கெட்டி (அம்மா பார்த்தது). அப்பா இறங்கலாம் என்றார். கால் வெந்தது. பச்சை வேகவில்லை."

ஊருக்கெல்லாம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னவள், நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். கோபம் இல்லை, புகார் இல்லை. தொட்டி, முட்டை, நான், கால், பச்சை எல்லாம் ஒரே வரிசையில்.

அடுத்த ஞாயிறு ஒரு வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். முட்டைக்கார அம்மாள் என்னை அடையாளம் கண்டு காலைப் பற்றிக் கேட்டார். நீண்ட மூங்கிலின் நுனியில் கரண்டியைக் கட்டி, எட்டி நின்று பச்சையை வழித்தேன். அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். வாயருகே ஒன்றுமில்லை. அப்புறம் மெல்லிய மஞ்சள். பிறகு இளம்பச்சை, கரும்பச்சை, கடைசிக் குளத்துக்கு வரும்போது பழுப்பு, அங்கேதான் முதல் நத்தை. தண்ணீர் ஆற ஆற நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சூடு, அதைத் தாண்டி ஒரு விரற்கடை நகரவில்லை. முட்டையே வேண்டியதில்லை, தரையிலேயே எழுதி வைத்திருந்தது. என் மகள் அதைத்தான் படம் போட்டிருந்தாள்.

பிளாஸ்க் நன்றாக வேலை செய்தது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து, டிரஸ்ஸர் முதலில் பார்த்தார், பிறகு மகள். அவள் ஒரு கண்ணை மூடியபடி மூச்சுவிடாமல் இருந்தாள்.

"நகருது அப்பா. பாருங்க."

பார்த்தேன். நீலமும் பச்சையுமான நூல்கள், ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கிக்கொண்டு போயின. காலும் இல்லை, துடுப்பும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு ஆறி, அவற்றின் வேகம் குறைந்து நின்றது. அடுப்படியிலிருந்து மனைவி, "எனக்குக் காட்ட மாட்டீங்களா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது புதுச் சொட்டு வைக்க வேண்டியிருந்தது.

டிரஸ்ஸர் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். அமெரிக்காவில் ஒருவர் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே வாயுக்களை நிரப்பி, மின்னல் மாதிரிப் பொறி விட்டாராம். சில நாளில் தண்ணீர் நிறம் மாறி, உடம்புக்கு மூலமான சரக்கு சில அதில் தானாகவே உண்டாகியிருந்ததாம்.

"உசிரும் வந்துச்சா மாமா?"

"இல்ல. செங்கல்லு வந்திருக்கு, வீடு வரல."

அவள் யோசித்தாள். "பூமி மொதல்ல சூடாத்தானே இருந்துச்சு? அப்ப இது மாதிரி ஏதோ ஒண்ணுதான் மொதல்ல வந்ததா? நாமெல்லாம் பின்னாடி குளிருக்கு வந்து குடியேறினவங்களா?"

"யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா அப்படித்தான்னா," என்று டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார், "பிரஜாவுரிமை பாரத்தை மொதல்ல இதுக்குத்தான் கொடுக்கணும் கிராணியாரே. நீங்களும் நானும் பின்னாடி வரிசையில நிக்கணும்."

அந்த மாதங்களில், புது நாட்டின் பிரஜையாக மனுப் போடும் அந்தப் பாரம்தான் எல்லோர் வீட்டிலும் பேச்சு. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அவ வழுக்கி விழல டிரஸ்ஸர். நான்தான் எறங்கச் சொன்னேன். முட்டையோட வெள்ளையை மட்டும் பாத்துட்டு எறங்குன்னு சொன்னேன்."

மனைவி முந்தானையைச் சரிசெய்தாள். மகள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டிரஸ்ஸர் அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"வழுக்கி விழுந்தவளுக்கு இவ்வளவு நேரா கோடு விழாது" என்றார். "கட்டுப் போடுறவனுக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

பிறகு அவளிடம் திரும்பி, "செவ்வாய்க் கிரகத்துல வெந்நீர் ஊத்து இருந்தா போய்ப் பாரு பாப்பா. ஆனா உங்கப்பாவைக் கேட்டுட்டு எறங்காதே" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. முதலில் சிரித்தவள் அவள்தான்.

அந்தப் பச்சையை வீட்டில் வளர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். பிளாஸ்க்குக்குள் வெளிச்சம் இல்லை, அதனால் ஜாம் பாட்டிலில் ஊற்றி, ஜன்னலோரத்துக் கரியடுப்பில் தண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தினோம். சூடு சரிதானா என்று பார்க்கச் சட்டியில் ஒரு முட்டை. மஞ்சள் கெட்டியாகி வெள்ளை ஓடினால் சரியான பதம். வெள்ளையும் வெந்தால் ஒரு கரியை எடுத்துவிட வேண்டும். பகலில் மனைவி பார்த்துக்கொண்டாள், ஆபீஸ் விட்டு வந்ததும் நான். நாங்கள் வாரம் முழுவதும் அரைவேக்காட்டு முட்டை தின்றோம். எட்டாவது நாள் நெருப்பு அணைந்துபோய்ப் பச்சை செத்தது. அவள் அதையும் எழுதிவைத்தாள்.

ஆகஸ்டு கடைசியில் அவள் பள்ளிப் பிள்ளைகளோடு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு சுதந்திரக் கொடியேற்றத்தில் நின்றாள். நடை கோணவில்லை. ஆனால் குளியலறையில் அந்த விரல்நுனிச் சோதனை தொடர்ந்தது. நான் பதம் சொல்வதையே விட்டுவிட்டேன்.

போன மாதம் மறுபடியும் ஊற்றுக்குப் போகலாமா என்று கேட்டாள். போனோம், மனைவியும் கூட வந்தாள். இரண்டாவது தொட்டியருகே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு வயதுப் பெண் வெட்கப்படாமல் பிடிக்கவிட்டாள். முட்டைக்கார அம்மாள் அவள் காலைக் குனிந்து பார்த்து, வாளியைக் காட்டிச் சிரித்தார்.

கடைசிக் குளத்தின் விளிம்பில், நத்தைகள் தொடங்கும் இடத்தில், மகள் உட்கார்ந்தாள். இடது பாதத்தில் செருப்பு. வலது பாதத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாள். அங்கே தண்ணீர் பழைய கோட்டைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தத் தோலுக்குச் சூடு சரியாத் தெரிய மாட்டேங்குது. இங்கே எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க."

நான் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையை உருவ நேரமானது. அவள் காலுக்குப் பக்கத்தில் என் காலை வைத்து, முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் வரை இறக்கினேன். அவசரப்படவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

"தாங்குற சூடுதான்" என்றேன்.

அவள் குனிந்து விரலை வைத்துப் பார்க்கவில்லை. மற்றச் செருப்பையும் கழற்றினாள்.